கேஸ் சிலிண்டரா, கடன் பத்திரமா?

2022 ஜனவரி 18, செவ்வாய்க்கிழமை. கொழும்புக் கடைவாசல்களில் பால்மாவுக்கு ஒரு வரிசை, கேஸ் சிலிண்டருக்கு இன்னொரு வரிசை. (தமிழ்நாட்டில் பால் பவுடர் என்பதை அங்கே பால்மா என்பார்கள்.) அன்றுதான் இலங்கை அரசு, உலகச் சந்தையில் தான் விற்றிருந்த கடன் பத்திரம் ஒன்றுக்கான 50 கோடி டாலரை ஒரு சென்ட் பாக்கி இல்லாமல் திருப்பிக் கொடுத்தது.

சரியாகப் பன்னிரண்டு வாரம் கழித்து, ஏப்ரல் 12, இன்னொரு செவ்வாய்க்கிழமை. சித்திரைப் புத்தாண்டுக்கு இரண்டே நாள் இருக்கும்போது, வெளிநாட்டுக் கடன்களை இப்போதைக்குத் திருப்பித் தர முடியாது என்று அதே அரசு அறிவித்தது. 1948-ல் சுதந்திரம் பெற்றதிலிருந்து ஒரு தவணைகூடத் தவறாத நாடு அது.

கொடுக்க முடியாது என்று ஏப்ரலில் சொன்னதை ஜனவரியிலேயே சொல்லியிருந்தால் அந்த 50 கோடி டாலர் கையில் மிஞ்சியிருக்குமே? இந்தக் கேள்வி இலங்கையில் இன்னும் அடங்கவில்லை.

கேள்வி பிறகு முளைத்ததும் அல்ல. தவணை நாள் வருவதற்கு முன்பே நாடு இரண்டாகப் பிரிந்து வாதாடியது. கொடுக்காதீர்கள் என்றவர்களின் கணக்கு எளிமையானது. 2019 கடைசியில் 760 கோடி டாலராக இருந்த அந்நியச் செலாவணிக் கையிருப்பு, 2021 கடைசியில் 310 கோடிக்கு வந்துவிட்டது. அதிலும் ஏறக்குறைய 150 கோடி, சீனாவுடன் செய்துகொண்ட நாணய மாற்று ஏற்பாடு. கணக்கில் தெரியும், கடைக்கு எடுத்துப்போக முடியாது. இறக்குமதிக்கு மாதம் 170 கோடி டாலர் தேவைப்படும் நாட்டுக்கு இது ஒரு மாதச் செலவுக்கே காணாது. இருப்பதை மருந்துக்கும் எரிபொருளுக்கும் வைத்துக்கொண்டு, கடன் கொடுத்தவர்களை அழைத்துப் பேசுங்கள் என்று பொருளாதார நிபுணர்கள் பலரும் எதிர்க்கட்சியினரும் கேட்டார்கள். அந்தப் பத்திரங்களைச் சந்தையில் தள்ளுபடி விலையில் வாங்கி வைத்திருந்தவர்களுக்கும் முழுத் தொகை போகப்போகிறதே என்ற எரிச்சலும் அதில் கலந்திருந்தது.

அப்போது மத்திய வங்கி ஆளுநராக இருந்தவர் அஜித் நிவாட் கப்ரால். கொடுத்தே தீர வேண்டும் என்பது அவர் தரப்பு. ஒருமுறை தவறினால் தவறியவர் என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும், அதன் பிறகு யாரும் கடன் தரமாட்டார்கள், தந்தாலும் வட்டி ஏறும் என்பது வாதம். கேட்பதற்குக் கௌரவமாகத்தான் இருக்கிறது. ஆனால், தரச்சான்று நிறுவனங்கள் இலங்கையைக் கடைசிப் படிகளுக்கு இறக்கியது 2020-லேயே நடந்துவிட்டது. புதிதாகக் கடன் தர உலகச் சந்தையில் ஆளில்லாமல் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. இல்லாத பெயரைக் காப்பாற்றத்தான் 50 கோடி செலவானது.

அடுத்து நடந்ததைப் பாருங்கள். பணம் கட்டிய பதினைந்தாம் நாள், பிப்ரவரி 2 அன்று, பெட்ரோல், டீசல் வாங்க இந்தியாவிடம் ஒரு கடன் ஒப்பந்தத்தில் இலங்கை கையெழுத்திட்டது. எவ்வளவுக்கு? அதே 50 கோடி டாலருக்கு. மார்ச் 17-ல் உணவுக்கும் மருந்துக்குமாக இன்னொரு 100 கோடி டாலர். இடது கையால் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு வலது கையால் இன்னொருவரிடம் வாங்கிக்கொண்டது அரசு.

வீட்டுக் கடனையும் நாட்டுக் கடனையும் ஒன்றாக வைத்துப் பேசக்கூடாது என்று பொருளாதாரம் படித்தவர்கள் கண்டிப்பார்கள். சரிதான். வீட்டில் நோட்டு அச்சடிக்க முடியாது, நாட்டில் முடியும். இலங்கையும் 2020, 2021-ல் தாராளமாக அச்சடித்தது. ஆனால் அச்சடித்தது இலங்கை ரூபாய். பெட்ரோல் கப்பலுக்கு டாலர்தான் கொடுக்க வேண்டும். டாலரைச் சம்பாதிக்கலாம், கடன் வாங்கலாம். மூன்றாவது வழி கிடையாது. அந்த ஒரு விஷயத்தில் நாடும் வீடு மாதிரியேதான்.

சம்பாதிக்கும் வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. 2019 ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகளோடு சுற்றுலாப் பயணிகள் குறைந்தார்கள். 2020-ல் கொரோனா வந்து அடியோடு நிறுத்தியது. வளைகுடாவிலும் மற்ற நாடுகளிலும் உழைப்பவர்கள் ஊருக்கு அனுப்பும் பணம் 2020-ல் 710 கோடி டாலர். அடுத்த வருடமே 550 கோடியாகச் சரிந்தது. அவர்கள் அனுப்பாமல் இல்லை. வங்கியில் ஒரு டாலருக்கு 200 ரூபாய் என்று அரசு பிடித்துவைத்திருந்தது, வெளியே அதைவிட அதிகம் கிடைத்தது. எனவே பணம் உண்டியலில் வந்தது. கோயில் உண்டியல் இல்லை. வங்கிக்கு வெளியே கைமாறும் பணத்துக்கு அங்கே பெயர் அதுதான்.

கடன் எப்படி ஏறியது என்று கேட்டால் பலரும் ஒரே வார்த்தையில் பதில் சொல்வார்கள்: சீனா. அதில் பாதி உண்மை இருக்கிறது. ராஜபக்ச குடும்பத்தின் சொந்த மாவட்டமான அம்பாந்தோட்டையில் 2010-ல் ஒரு துறைமுகம் திறக்கப்பட்டது. முதல் கட்டத்துக்குச் சீன எக்ஸிம் வங்கி கொடுத்த கடனுக்கு வட்டி 6.3 சதவீதம். கப்பல்கள் எதிர்பார்த்தபடி வரவில்லை. 2017-ல் 112 கோடி டாலருக்கு 99 வருடக் குத்தகையாகச் சீன நிறுவனத்திடமே துறைமுகம் போனது. குத்தகைப் பணத்தால் துறைமுகக் கடன் அடைந்துவிட்டது என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. அந்த டாலர் கையிருப்பில் சேர்ந்து மற்ற கடன்களுக்குப் பயன்பட்டது. துறைமுகக் கடன் அரசின் தலையிலேயே தொடர்ந்தது.

அதே மாவட்டத்தில் மத்தளை விமான நிலையம். 2013-ல் திறந்தார்கள். ஏறக்குறைய 21 கோடி டாலர் செலவு, ஆண்டுக்கு 10 லட்சம் பேர் வந்துபோகலாம் என்று திட்டம். விமானங்கள் வராததால், ஒரு கட்டத்தில் அதன் சரக்குக் கட்டடங்களை நெல் அடுக்கக் கொடுத்தார்கள். கொழும்பில் 350 மீட்டர் உயரத் தாமரைக் கோபுரம் இன்னொன்று. அதன் மாடியில் ஏறி ஊரைப் பார்க்கப் பொதுமக்களை அனுமதித்தது 2022 செப்டம்பரில், நாடு கடன் கட்ட முடியாமல் கைவிரித்த ஐந்தாவது மாதம்.

இவையெல்லாம் போட்டோ எடுத்தால் அழகாக விழுகிற கடன்கள். கழுத்தை நெரித்த கடனுக்கு போட்டோவே கிடையாது.

2007-ல் முதன்முறையாக 50 கோடி டாலருக்குச் சர்வதேசக் கடன் பத்திரம் விற்றது இலங்கை. போர் நடந்துகொண்டிருந்த நேரம். அதுவரை ஜப்பானும் உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும் குறைந்த வட்டியில், பல பத்தாண்டுகளில் அடைக்கும்படி கடன் கொடுத்துவந்தன. நடுத்தர வருமான நாடு என்ற பெயர் வந்ததும் அந்தச் சலுகைகள் சுருங்கத் தொடங்கின. பத்திரச் சந்தை கேள்வி கேட்காமல் கொடுத்தது: இந்தத் திட்டம் தேவையா, இந்தச் செலவு தேவையா என்று அங்கே யாரும் விசாரிப்பதில்லை. பதிலுக்கு வட்டி அதிகம், காலம் குறைவு, அசலை ஒரே நாளில் மொத்தமாக வைக்க வேண்டும். அன்று எதிர்க்கட்சியாக இருந்த ரணில் விக்கிரமசிங்கவின் ஐக்கிய தேசியக் கட்சி, தாங்கள் ஆட்சிக்கு வந்தால் இந்தக் கடனுக்குப் பொறுப்பேற்க மாட்டோம் என்று எச்சரித்தது. பிற்பாடு அந்தக் கட்சியும் பங்கேற்ற ஆட்சியில், 2019-ல் மட்டும், 440 கோடி டாலருக்குப் பத்திரங்கள் விற்கப்பட்டன. பெரும்பாலும் பழைய கடனை அடைக்கப் புதிய கடன். திவாலான நேரத்தில் வெளிநாட்டுக் கடனில் மிகப் பெரிய பங்கு சீனாவுடையது அல்ல, இந்தப் பத்திரங்களுடையது.

கடன் வாங்கியதைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள், வரவைக் குறைத்துக்கொண்டதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. கோட்டாபய ராஜபக்ச 2019 நவம்பரில் அதிபரானார். தேர்தல் வாக்குறுதி வரிக்குறைப்பு, சொன்னபடியே செய்தார். மதிப்புக் கூட்டு வரி 15 சதவீதத்திலிருந்து 8 ஆனது. ஆண்டுக்கு 1.2 கோடி ரூபாய் விற்பனை இருந்தால் அந்த வரிக்குள் வர வேண்டும் என்றிருந்த எல்லை, 30 கோடியாக உயர்ந்தது. மாதச் சம்பளத்தில் நேரடியாகப் பிடிக்கும் வரி ரத்தானது. எல்லோருக்கும் சந்தோஷம். நாட்டின் மொத்த உற்பத்தியில் 12 சதவீத அளவில் இருந்த அரசு வருமானம், 2021-ல் 8 சதவீதத்தைச் சற்றே தாண்டி நின்றது. கொரோனா இதில் சேர்ந்துகொண்டது, மறுப்பதற்கில்லை. ஆனால் கொரோனா எல்லா நாட்டுக்கும் வந்தது.

2020, 2021 இரண்டு வருடமும் அரசு 100 ரூபாய் வசூலித்தால் அதில் 70 ரூபாய்க்கு மேல் வட்டிக்கே போனது. அசலுக்கு அல்ல, வட்டிக்கு. மிச்சம் 30 ரூபாய்க்குள் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ராணுவம், அரசு ஊழியர் சம்பளம், ஓய்வூதியம் எல்லாம் நடக்க வேண்டும். நடக்காது. எனவே மறுபடியும் கடன், மறுபடியும் நோட்டு.

எதைக் குறைப்பது என்ற பேச்சு வந்தால் இலங்கை அரசியல்வாதிகளுக்கு ஒரு பழைய பயம் உண்டு. 1953-ல் நிதி நெருக்கடி வந்தபோது, ரேஷனில் ஒரு கொத்து 25 சதத்துக்குக் கொடுத்த அரிசியை 70 சதமாக உயர்த்தினார்கள். பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவையும் நிறுத்தினார்கள். ஆகஸ்ட் 12 அன்று நாடு தழுவிய ஹர்த்தால். துப்பாக்கிச் சூடு, ஊரடங்கு. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். நிதியமைச்சராக அந்த முடிவை எடுத்தவர் ஜே.ஆர். ஜெயவர்தன. அரிசியில் கை வைத்தால் நாற்காலி போகும் என்ற பாடத்தை அதன் பிறகு வந்த எந்தக் கட்சியும் மறக்கவில்லை. இலவசக் கல்வியும் இலவச மருத்துவமும் தீவின் பெருமை. எழுத்தறிவிலும் ஆயுட்காலத்திலும் தெற்காசியாவில் அது முன்னால் நின்றதற்கு அவைதான் காரணம். அவற்றைக் குறைத்திருக்க வேண்டும் என்று சொல்வதற்கில்லை.

குறைத்திருக்கக்கூடிய வேறொன்று இருந்தது. போர் 2009 மே மாதம் முடிந்துவிட்டது. அதற்குப் பதிமூன்று வருடம் கழித்தும் தரைப்படையின் அனுமதிக்கப்பட்ட பலம் 2,00,783 பேர். அதை 2024-க்குள் 1,35,000 ஆகவும் 2030-க்குள் ஒரு லட்சமாகவும் குறைப்போம் என்று அறிவித்தது 2023 ஜனவரியில், கஜானா காலியான பிறகு. வடக்கிலும் கிழக்கிலும் தமிழர்கள் வருடக்கணக்கில் கேட்டும் அசையாத விஷயம், பணம் இல்லாததால் அசைந்தது. சம்பளச் செலவு பெரிது, ஆட்களை வீட்டுக்கு அனுப்பினால் வேலை எங்கே என்ற கேள்வியும் பெரிது. தெற்கின் கிராமங்களில் ராணுவச் சம்பளம்தான் பல குடும்பங்களின் நிலையான வருமானம்.

இந்தக் கணக்கெல்லாம் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது 2022 மார்ச்சில். மேல் மாகாணத்தில் காகிதம் இல்லாமல் பள்ளித் தவணைப் பரீட்சைகளைத் தள்ளிவைத்தார்கள். எரிபொருள் வரிசையில் நின்ற இரண்டு முதியவர்கள் மயங்கி விழுந்து இறந்தார்கள். மாதக் கடைசியில் பேராதனை போதனா மருத்துவமனை, மருந்து இல்லை என்று திட்டமிட்ட அறுவை சிகிச்சைகளை நிறுத்தியது. மின்வெட்டு 13 மணி நேரம் வரை போனது. மார்ச் 28 முதல் ஒரு பெட்ரோல் கப்பல் இலங்கைக் கடலில் நங்கூரமிட்டு நின்றது. எரிபொருள் கண் முன்னால், கொடுக்க டாலர் கிடையாது. அமைச்சரே நாடாளுமன்றத்தில் சொன்ன விஷயம் இது. வீட்டு கேஸ் சிலிண்டர் முந்தைய ஆண்டு செப்டம்பரில் 1,493 ரூபாய். ஏப்ரல் 22-ல் 4,860 ரூபாய்.

மார்ச் 22 அன்று தனுஷ்கோடிப் பக்கம் அரிச்சல்முனையில் குழந்தைகளோடு 16 பேர் வந்து இறங்கினார்கள். போருக்காக ஓடிவந்தவர்களைப் பார்த்த கரைக்கு, அரிசி விலைக்காக ஓடிவந்தவர்கள் புதிது. மே மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழ்நாடு அரசின் முதல் கப்பல் 9,000 டன் அரிசியும் 200 டன் பால் பவுடரும் மருந்தும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போனது.

ஜூலை 9-ல் மக்கள் அதிபர் மாளிகைக்குள் புகுந்ததும், கோட்டாபய மாலத்தீவு வழியாகச் சிங்கப்பூர் போய் அங்கிருந்து பதவி விலகியதும் எல்லோரும் போனில் பார்த்த காட்சிகள். செப்டம்பரில் கொழும்பு விலைவாசி முந்தைய ஆண்டைவிட 69.8 சதவீதம் அதிகம். உணவுப் பொருள் மட்டும் எடுத்தால் 94.9 சதவீதம்.

இந்தியாவும் ஒருமுறை இந்த வாசல் வரை போயிருக்கிறது. 1991 ஜூலையில் ரிசர்வ் வங்கி ஏறக்குறைய 47 டன் தங்கத்தை லண்டனுக்கு அனுப்பி, அதை வைத்து 40 கோடி டாலர் கடன் வாங்கியது. ஆளுநர் எஸ். வெங்கிடரமணன். நாட்டின் தங்கத்தை அடகு வைத்துவிட்டார்களே என்று ஊரெல்லாம் தூற்றினார்கள். தவணை தவறவில்லை. நகையை அடகு வைப்பது எவ்வளவு அவமானம், எவ்வளவு புத்திசாலித்தனம் என்று தமிழ்க் குடும்பங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கொழும்பின் கையில் அப்படி அடகு வைக்கவும் பெரிதாக எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

பிறகு யார் சுமப்பது என்ற கட்டம் வந்தது. சர்வதேச நாணய நிதியம் 2023 மார்ச் 20-ல் 300 கோடி டாலர் உதவிக்கு ஒப்புதல் கொடுத்தது. இலங்கை அந்த வாசலில் போய் நிற்பது அது பதினேழாவது தடவை. நிபந்தனைகள் வழக்கமானவை: வரியை ஏற்று, மானியத்தைக் குறை, கடனைச் சீரமை. மின் கட்டணம் 2022 ஆகஸ்டில் 75 சதவீதம், 2023 பிப்ரவரியில் இன்னொரு 66 சதவீதம் ஏறியது. 8 சதவீதமாகக் குறைந்திருந்த மதிப்புக் கூட்டு வரி, 2024 ஜனவரி 1 முதல் 18.

கடனைச் சீரமைப்பது என்றால் கொடுத்தவர் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது. சந்தைக்காரர்கள் இதை ஹேர்கட் என்பார்கள்; முடி மட்டும்தான் போகிறது, தலை தப்பித்தது என்று ஆறுதல்படுத்துகிற பெயர். வெளிநாட்டுக்காரர்களிடம் விட்டுக்கொடுக்கச் சொல்லும்போது, உள்நாட்டில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று அவர்கள் கேட்பார்கள் இல்லையா? 2023 ஜூலை 1, சனிக்கிழமை, நாடாளுமன்றம் கூடி உள்நாட்டுக் கடன் சீரமைப்புக்கு 122-க்கு 62 என்று ஒப்புதல் கொடுத்தது. அரசுக்குக் கடன் கொடுத்திருந்த வங்கிகளுக்கு விலக்கு. அவர்கள் ஏற்கெனவே வரி கட்டி, வாராக் கடனில் நஷ்டப்பட்டு நிற்கிறார்கள், வங்கி விழுந்தால் எல்லோருடைய சேமிப்பும் போகும் என்று காரணம் சொன்னார்கள். கத்தரி விழுந்தது ஊழியர் சேமலாப நிதியில். நம்மூர் பி.எஃப். மாதிரி: தேயிலைத் தோட்டத் தொழிலாளி முதல் தையல் ஆலைப் பெண் வரை, சம்பளத்தில் மாதா மாதம் பிடித்துச் சேர்த்த பணம்.

அந்த நிதி வைத்திருந்த அரசுப் பத்திரங்களைக் கொடுத்துவிட்டுப் புதிய பத்திரம் வாங்கிக்கொள்ள வேண்டும். 2025 வரை 12 சதவீத வட்டி, அதன் பிறகு 9. மாற்றிக்கொள்ள மறுத்தால் நிதியின் வருமானத்துக்கு 14 சதவீதமாக இருக்கும் வரி 30 ஆகும். விருப்பமிருந்தால் சேரலாம் என்று சொல்லி, கதவைச் சாத்திய ஏற்பாடு. உறுப்பினர்களுக்கு 9 சதவீதத்துக்குக் குறையாது என்று அரசு உறுதி சொன்னது. விலைவாசி 70 சதவீதம் ஏறிய ஒரு வருடத்தில் அந்தச் சேமிப்பின் மதிப்பு எவ்வளவு கரைந்திருக்கும் என்பதற்கு உறுதி சொல்ல யாருமில்லை. தொழிற்சங்கங்கள் தெருவில் இறங்கின. வங்கிகளை விட்டதில் நியாயம் கொஞ்சம் உண்டு. ஆனால் வங்கி முதலாளியும், பெரிய தனியார் பத்திர முதலீட்டாளரும் தப்பித்து, பதவி ஓய்வுக்குக் காத்திருப்பவர் மட்டும் கட்டுவது எந்த ஊர்ப் பங்கீடு?

அந்த ஆண்டு நவம்பர் 14-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. கோட்டாபய, மஹிந்த, பசில் ஆகிய மூன்று ராஜபக்ச சகோதரர்களும், கப்ரால் உள்ளிட்ட அதிகாரிகளும் மக்கள் தங்கள் மேல் வைத்த நம்பிக்கையை மீறினார்கள், நெருக்கடிக்கு அவர்கள் பொறுப்பு என்று பெரும்பான்மை நீதிபதிகள் அறிவித்தார்கள். மனுதாரர்களுக்கு வழக்குச் செலவாக ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னார்கள். வேறு இழப்பீடு இல்லை.

இன்று வரிசைகள் இல்லை. விலைவாசி 2023 நடுவிலேயே ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிட்டது. ஆனால் இறங்கியது ஏறும் வேகம்தான். ஏறிய விலை ஏறிய இடத்திலேயே நிற்கிறது. உலக வங்கிக் கணக்கில் நெருக்கடிக்கு முன்பு இருந்ததைப்போல இரு மடங்காகி, மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் வறுமைக் கோட்டுக்குக் கீழே. நாணய நிதிய ஒப்பந்தத்தை விமர்சித்து வாக்குக் கேட்ட அநுர குமார திசாநாயக்க 2024 செப்டம்பரில் அதிபரானார், ஒப்பந்தம் தொடர்கிறது.

அந்தப் பத்திரக்காரர்கள்? 2024 டிசம்பரில் 1,255 கோடி டாலர் மதிப்புள்ள பழைய பத்திரங்களுக்குப் பதிலாகப் புதியவை கொடுக்கப்பட்டன. அசலில் 27 சதவீதம் வரை கழித்துக்கொள்ளச் சம்மதித்தார்கள், ஒரு ஷரத்தோடு: இலங்கைப் பொருளாதாரம் எதிர்பார்த்ததைவிட நன்றாக வளர்ந்துவிட்டால், கழித்ததில் ஒரு பகுதியைத் திருப்பித் தர வேண்டும். 2025, 26, 27 ஆகிய மூன்று வருட வளர்ச்சியை எடுத்துக்கொண்டு, 2028-ல் அந்தக் கணக்கைப் பார்ப்பார்கள்.